வகுப்பறையும் கைத்தொலைபேசியும்: கலப்புக் கற்றல் பற்றி மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையொன்றில் தரம் 10, 11 மாணவர்களுக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். நேரடி வகுப்பையும் ஒன்லைன் வேலையையும் சேர்த்து நடத்துவது பற்றி ஆசிரியர் செயலமர்வுகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும், சில வேளைகளில் பஸ்ஸின் பக்கத்து இருக்கையிலிருந்தும், ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைக் குறித்துவைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சுட்டுவதால் கேள்விகளுக்கு எண் இட்டுள்ளேன்.

1. கலப்புக் கற்றல் என்கிறீர்களே சேர், ஸூமில் வகுப்பு வைப்பதைத்தானே சொல்கிறீர்கள்?

இல்லை. ஸூம் வகுப்பு என்பது வகுப்பறையை அப்படியே தூக்கிப் போனுக்குள் வைப்பது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் எல்லோரும் செய்ய முயன்றது அதைத்தான். அன்று வேறு வழியும் இருக்கவில்லை. கலப்புக் கற்றலில் வகுப்பறை இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு பாடத்துக்குள் அடங்கியிருக்கும் வேலைகளைப் பிரித்துப் பார்த்து, ஆசிரியரும் கூடப் படிப்பவர்களும் எதிரில் இருந்தால்தான் நடக்கும் என்பவற்றை வகுப்புக்கும், பிள்ளை தன் நேரத்தில் தன் வேகத்தில் செய்யக்கூடியவற்றை வீட்டுக்கும் ஒதுக்குகிறோம். வீட்டுப் பகுதிக்குப் போனும் இணையமும் கைகொடுக்கின்றன.

இரண்டு பகுதிகளும் ஒன்றோடொன்று பின்னியிருக்க வேண்டும். வீட்டில் செய்துவந்ததை மறுநாள் வகுப்பில் எடுத்துப் பயன்படுத்தாவிட்டால், அதற்குப் பெயர் பழைய வீட்டுவேலைதான். போனில் அனுப்பியதால் மட்டும் அது புதிய முறை ஆகிவிடாது.

2. இப்போது பிள்ளைகள் தினமும் பாடசாலைக்கு வருகிறார்கள். பிறகு எதற்கு இந்த ஒன்லைன்?

முதற் காரணம் நேரம். ஒரு பாடவேளை 40 நிமிடம். இடாப்பு எடுத்து, கரும்பலகையில் குறிப்பு எழுதி, பிள்ளைகள் அதைக் கொப்பியில் இறக்கி முடிப்பதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. அந்தப் பாதியில் பிள்ளை எதையும் யோசிப்பதில்லை, எழுத மட்டுமே செய்கிறது. குறிப்பு முன்கூட்டியே கையில் இருந்தால் அந்த 20 நிமிடத்தில் ஒரு செய்முறையைச் செய்யலாம், அல்லது பின்வரிசையில் இருக்கும் ஐந்து பேருடன் உட்கார்ந்து பேசலாம்.

இரண்டாவது, பாடசாலை மூடும் நாட்கள். 2020, 2021இல் பெருந்தொற்று. 2022இல் எரிபொருள் இல்லாமல் ஆசிரியர்களால் வர முடியாத வாரங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும். இவை தவிர, ஆண்டுதோறும் பாதை உடைந்து தோட்டத்தின் ஒரு பிரிவுப் பிள்ளைகள் மட்டும் வர முடியாமற்போகும் நாட்கள் உண்டு. வீட்டில் தானாகக் கற்கப் பழகிய வகுப்பு அந்த நாட்களில் தடுமாறுவது குறைவு. ஆனால் அத்தகைய நாட்களில் முதலில் போவது மின்சாரமும் சிக்னலும்தான் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஆகவே இணையத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு, எப்போது தேவையோ அப்போதுதான் கைவிடும்.

3. எதை வகுப்பில் வைப்பது, எதை வீட்டுக்குக் கொடுப்பது? யாராவது ஒரு பட்டியல் தந்தால் நல்லது.

பட்டியலை விட ஓர் உதாரணம் உதவும் என்று நினைக்கிறேன். தரம் 11 ஒளித்தொகுப்புப் பாடத்தில், இலையில் மாப்பொருள் இருக்கிறதா என்று அயடீன் விட்டுப் பார்க்கும் சோதனை உண்டு; இருந்தால் இலை கருநீலமாகும். முன்பெல்லாம் நானே இலை கொண்டுவந்து, நானே செய்துகாட்டி, பிள்ளைகள் தூர நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது அதை மூன்றாகப் பிரித்திருக்கிறேன். முதல் வாரம், லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பக்கத்தில் நிற்கும் செவ்வரத்தை இலையொன்றின் ஒரு பகுதியை இரு பக்கமும் கறுப்புக் கடதாசியால் மூடிக் கட்டிவிட்டு இரண்டு நாள் விடுமாறு சொல்வேன். இதற்கு ஒரு நிமிடக் குரல்பதிவும், அதே அறிவுறுத்தல் அச்சிட்ட சிறு துண்டும் போதும். படம் எடுக்க முடிந்தவர் எடுத்து அனுப்புவார்; முடியாதவர் கொப்பியில் வரைவார். பிறகு இலை வகுப்புக்கு வரும். அயடீன் விடுமுன் இலையை மதுசாரத்தில் சூடாக்கிப் பச்சையத்தை நீக்க வேண்டும். மதுசாரத்தை நேரடித் தீயில் வைக்கக் கூடாது, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள்தான் வைக்க வேண்டும். எனவே பச்சையம் நீக்கும் அந்த வேலை கட்டாயம் வகுப்பில், என் கண்முன்னே நடக்க வேண்டும். பெறுபேற்றைப் பற்றிய வாதமும் வகுப்பில்தான். முடிவுரை எழுதுவது மறுபடியும் வீட்டில்.

முதன்முறை இப்படிச் செய்தபோது நான் ஒரு தவறு விட்டேன். இலையை எப்போது பறிக்க வேண்டும் என்று என் குரல்பதிவில் சொல்லவில்லை. பெரும்பாலானோர் பாடசாலைக்குப் புறப்படும் காலையில், பனி விலகுமுன்னே பறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அயடீன் விட்டபோது மூடாத பகுதியிலும் நீலம் சரியாக வரவில்லை. இரண்டு பிள்ளைகளின் இலைகள் மட்டும் கருநீலமாக மாறின. விசாரித்தால், அவர்கள் முதல் நாள் பின்னேரமே பறித்து, அம்மா தேத்தண்ணிக்கு வைத்த கொதிநீரில் இலையை ஒரு நிமிடம் அமிழ்த்தி எடுத்து, பத்திரிகைத் தாளில் மடித்து வைத்திருக்கிறார்கள். வாடிப்போய்விடும் என்ற பயம்தான் காரணமாம். பகலில் சேர்த்த மாப்பொருளைத் தாவரம் இரவில் பயன்படுத்தியும் வேறு பகுதிகளுக்கு அனுப்பியும் விடுகிறது. கொதிநீரில் இட்ட இலையிலோ உயிர்ச்செயல் நின்றுவிடுவதால் மாப்பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. இந்த விளக்கத்துக்குப் பிள்ளைகளே அரை மணித்தியாலம் தர்க்கித்து வந்து சேர்ந்தார்கள். நான் மட்டும் மேசையில் செய்துகாட்டியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: ஒன்று பிழைத்தால் உடனே யாராவது திருத்த வேண்டுமா, ஆபத்து உண்டா, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்க வேண்டுமா? இவற்றில் எதற்கு ‘ஆம்’ என்றாலும் வகுப்பில் வையுங்கள். கவனித்தல், சேகரித்தல், கேட்டுக்கொள்ளுதல், மீட்டுப் பார்த்தல் ஆகியவற்றைப் பெரும்பாலும் வீட்டுக்கு விடலாம்.

4. போனே இல்லாத பிள்ளை என்ன செய்யும்?

திட்டமிடுவதை இந்தப் பிள்ளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாம் வழக்கமாகச் செய்வது மறுதலை: போன் உள்ளவர்களுக்கு ஒரு திட்டம் போட்டுவிட்டு, இல்லாதவர்களுக்கு என்ன செய்யலாம் என்று கடைசியில் யோசிக்கிறோம். அப்படி யோசிக்கும்போது அவர்களுக்குக் கிடைப்பது எப்போதும் மிச்சம்தான். நான் பின்பற்றும் விதி, பாடம் போன் இல்லாமலும் முழுமையாக இருக்க வேண்டும் என்பது. போன் இருப்பவருக்கு வசதி கூடலாம். உள்ளடக்கம் கூடக் கூடாது. மேலே சொன்ன இலைச் சோதனையில் போன் இல்லாத பிள்ளை எதையும் இழக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தொடங்குமுன் வகுப்பின் நிலைமையை அறிந்துகொள்ளுங்கள். ‘போன் இல்லாதவர்கள் கையை உயர்த்துங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். தரம் 10 பிள்ளைக்கு அது பெரிய அவமானம், உயர்த்தவும் மாட்டார்கள். துண்டுக் கடதாசியில் நான்கு கேள்விகள்: வீட்டில் யாருடைய போன், அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், எந்த இடத்தில் சிக்னல் எடுக்கும், எத்தனை பிள்ளைகள் அதைப் பங்கிடுகிறார்கள். என் வகுப்பில் ஒரு பிள்ளையின் ‘வீட்டுப் போன்’ கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் தந்தையிடம் இருந்தது. பிள்ளை இருப்பது பொகவந்தலாவைப் பக்கத்தில். நான் ஒரு தவணை முழுக்க அனுப்பிய பாடங்களெல்லாம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அச்சிட்ட செயலட்டை, ஒரே லயத்தில் இருக்கும் மூன்று நான்கு பிள்ளைகள் கொண்ட குழு, இடைவேளையிலோ பாடசாலை விட்ட பின்னரோ கணினி அறையில் அரை மணித்தியாலம்: இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலான பிள்ளைகளை எட்டிவிடலாம்.

5. எங்கள் பிரிவில் சிக்னலே இல்லை டீச்சர். பிள்ளைகள் மலை ஏறித்தான் எடுக்கிறார்கள்.

இதைக் கேட்டவர் பக்கத்துத் தோட்டத்துத் தாய். பதில் சொன்னவர் எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியை. அவர் சொன்னதையே நானும் சொல்கிறேன்: பிள்ளையை மலை ஏற விடாதீர்கள். தேயிலை மலையில் குளவிக்கூடு எங்கே இருக்கிறது என்று கொழுந்து பறிப்பவர்களுக்கே சில வேளை தெரிவதில்லை. அந்தி சாயும் நேரத்தில், மழை ஈரத்தில், பாறை மேல் ஏறி நின்று கற்க வேண்டிய பாடம் எதுவும் பாடத்திட்டத்தில் இல்லை.

ஆசிரியர்களுக்கு: ஒரே நேரத்தில் எல்லோரும் இணைய வேண்டிய எதையும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். சிக்னல் வரும் இடத்தில் ஒருமுறை இறக்கிக்கொண்டு, பிறகு இணையம் இல்லாமலே பார்க்கக்கூடிய கோப்புகளாக அனுப்புங்கள். வாரக் கடைசியில் பாடசாலையிலேயே மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்பது பழைய முறைதான். ஆனால் அது பிழைப்பதே இல்லை. பிரிவில் ஒருவரது போனுக்கு வந்துவிட்டால், மற்றவர்கள் புளூடூத் வழியாக எடுத்துக்கொள்வார்கள். இதில் பிள்ளைகள் நம்மை விடக் கெட்டிக்காரர்கள்.

6. டேட்டாவுக்கே ரீலோட் போட்டுத் தீர்கிறதே, எவ்வளவு போகும்?

வீடியோவுடன் கூடிய ஸூம் வகுப்பு மணித்தியாலத்துக்குச் சுமார் 800 எம்பியிலிருந்து 2 ஜிபிக்கு மேல் வரை எடுக்கும். ஐந்து நிமிட யூடியூப் வீடியோவை 360 தரத்தில் பார்த்தால் 20, 25 எம்பி. ஐந்து நிமிட வட்ஸ்அப் குரல்பதிவு ஒரு எம்பி அளவில் அடங்கிவிடும். வட்ஸ்அப்பில் அனுப்பும் சாதாரணப் படம் அதிலும் குறைவு. ஸூமில் இழுக்கும் ஒரு மணித்தியாலத்தின் விலையில் பல மாதங்களுக்கான குரல்பதிவுகளை அனுப்பலாம் என்பது கணக்கு.

தினச் சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்று பல ஆண்டுகள் கேட்டு 2021இல்தான் பெற்ற குடும்பங்களிடம், ‘எல்லோரும் கமராவைப் போடுங்கள்’ என்று சொல்வதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

7. வீடியோ எல்லாம் நானே எடுக்க வேண்டுமா? யூடியூபில் எவ்வளவோ கிடக்கிறதே.

எல்லாவற்றையும் நீங்களே எடுக்கத் தேவையில்லை. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழி மூலப் பாடங்கள் தரவாரியாக உள்ளன. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். முதலில் அங்கே தேடுங்கள்.

யூடியூபில் தமிழில் தேடினால் பெரும்பாலும் வருவது தமிழ்நாட்டு வீடியோக்கள். அவற்றில் மிக நல்லவை உண்டு, ஆனால் கலைச்சொற்கள் வேறு. நாம் ஒளித்தொகுப்பு என்பதை அவர்கள் ஒளிச்சேர்க்கை என்பார்கள். நமது கலம் அங்கே செல். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகும். காபனீரொட்சைட்டு கார்பன் டை ஆக்சைடு ஆகும். கெட்டிக்காரப் பிள்ளை சமாளித்துக்கொள்ளும். தடுமாறும் பிள்ளையோ இவற்றை இரண்டு வெவ்வேறு பொருள்கள் என்று நினைத்துக்கொள்ளும். விடைத்தாளில் ஒரே கேள்விக்குள் கலத்தையும் செல்லையும் தனித்தனியாக விவரித்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வீடியோவை அனுப்பினால், சொற்களை இணைத்துக்காட்டும் நாலு வரிக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

நீங்களே எடுப்பதென்றால் சுருக்கமாக எடுங்கள். எட்எக்ஸ் என்ற இணையவழிக் கற்கைத் தளத்தில் 69 இலட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வொன்று, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களையே மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்க்கிறார்கள் என்று காட்டியது. முகம் தெரிய வேண்டியதில்லை. ஒரு தாளின் மேல் போனைப் பிடித்துக்கொண்டு, கை எழுத வாய் விளக்கினால் போதும். பின்னணியில் கோழி கூவினாலும் பரவாயில்லை.

8. வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் பார்க்காமலே வருகிறார்களே?

பாடத்தை வீட்டிலும் பயிற்சியை வகுப்பிலும் வைக்கும் இந்தத் தலைகீழ் வகுப்பறை முறையை, அமெரிக்காவின் கொலராடோவில் ஜொனதன் பெர்க்மன், ஆரோன் சாம்ஸ் என்ற இரண்டு இரசாயனவியல் ஆசிரியர்கள் 2007 அளவில் பரப்பத் தொடங்கினார்கள். வராத மாணவர்கள் பாடத்தைத் தவறவிடுகிறார்களே என்பதுதான் அவர்களது தொடக்கக் கவலை. அவர்களுடையதும் கிராமப்புறப் பாடசாலையே. பார்க்காமல் வருவது அங்கும் இருந்த பிரச்சினை.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு: பார்க்காதவர்களுக்காக வகுப்பில் முழுப் பாடத்தையும் மறுபடி நடத்துவது. அடுத்த வாரம் யாருமே பார்க்க மாட்டார்கள், பார்த்தவர்கள் ஏமாந்ததாக உணர்வார்கள். பதிலாக, வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் கொப்பியை மூடிவைத்து மூன்று சிறு கேள்விகளுக்கு எழுதச் சொல்லுங்கள். புள்ளி போட வேண்டாம். நினைவிலிருந்து மீட்டு எழுதுவது, மறுபடி வாசிப்பதை விட நீண்ட நாள் நிலைக்கும் என்பது உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட பரிசோதனைகள் முதல் பலமுறை காட்டப்பட்ட உண்மை. எனவே பார்த்தவர்களுக்கும் இது வீண் நேரம் ஆகாது. எழுத முடியாதவர்கள் பின்பக்கத்து மேசையில் செயலட்டையுடன் பத்து நிமிடம் இருந்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளட்டும். யார் சோம்பலால் பார்க்கவில்லை, யாருக்குப் போன் கிடைக்கவில்லை என்பதும் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். பின்னவருக்கான பதில் 4ஆம் கேள்வியில் இருக்கிறது.

9. வட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. அது போதாதா?

போதும், ஒழுங்காக வைத்துக்கொண்டால். நிர்வாகி மட்டும் பதிவிடும்படி அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் பூக்களுக்கும் கோயில் திருவிழா அறிவித்தல்களுக்கும் இடையில் செயலட்டை தொலைந்துவிடும். குழுவில் ஒருவரது இலக்கம் எல்லோருக்கும் தெரியும் என்பதால், பெண்பிள்ளைகளின் பெற்றோரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பெற்றோரின் இலக்கத்தைச் சேர்ப்பதே மேல்.

10. போனைக் கையில் கொடுத்தால் என் மகன் கேம்தான் விளையாடுகிறான். படிப்பு என்று சொல்லி இரவு பதினொரு மணி வரை வைத்திருக்கிறான்.

பெற்றோர் இதைச் சொல்லும்போது ஆசிரியர்கள் சிலர் ‘நீங்கள் கவனிக்க வேண்டும்’ என்று திருப்பிவிடுவதைக் கேட்டிருக்கிறேன். விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போய், பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, அதன்பின் அடுப்பு மூட்டும் தாயிடம் அப்படிச் சொல்வது நியாயமாகப் படவில்லை. வேலையின் அளவை நாங்கள் முதலில் சொல்ல வேண்டும். என் வகுப்புப் பெற்றோருக்கு நான் கொடுத்திருக்கும் வாக்கு இது: விஞ்ஞானத்துக்காகப் போன் தேவைப்படுவது நாளுக்கு அதிகபட்சம் 20 நிமிடம், இரவு எட்டரைக்குப் பிறகு எதுவும் அனுப்ப மாட்டேன். இது தெரிந்திருந்தால் ‘சேர் தந்த வேலை’ என்று பதினொரு மணிக்குச் சொல்ல முடியாது.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, அதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. ‘இன்றைக்கு என்ன கேட்டாய், எனக்குச் சொல்லு’ என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் படித்திருக்கிறான்.

11. இதனால் எங்களுக்கு வேலை இரட்டிப்பாகிறதே?

முதல் ஆண்டு ஆகத்தான் செய்யும். இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒரு தவணையில் ஓர் அலகை மட்டும் இப்படி மாற்றுங்கள். மூன்று ஆண்டில் ஒரு தரத்துக்கு ஒன்பது அலகுகள் கையில் சேரும், பிறகு ஆண்டுதோறும் திருத்திக்கொண்டால் போதும். அதே பாடம் கற்பிக்கும் பக்கத்துப் பாடசாலை ஆசிரியருடன் பங்குபோட்டால் இன்னும் குறையும். இரவில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் பதில் அனுப்பத் தேவையில்லை. பத்துப் பேர் கேட்டது ஒரே சந்தேகம் என்றால் மறுநாள் வகுப்பில் ஒருமுறை சொல்லுங்கள்.

12. இப்படிச் செய்தால் பெறுபேறு கூடும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அடிக்குறிப்போடு படிக்க வேண்டிய ஆதாரம். அமெரிக்கக் கல்வித் திணைக்களம் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், நேரடியையும் ஒன்லைனையும் கலந்து கற்றவர்கள் நேரடியாக மட்டும் கற்றவர்களை விடச் சற்று நன்றாகச் செய்திருந்தார்கள். அதை எழுதியவர்களே இரண்டு எச்சரிக்கைகளையும் சேர்த்திருந்தார்கள்: கலப்பு வகுப்புகளில் பெரும்பாலும் கற்கும் நேரமும் பொருள்களும் கூடுதலாக இருந்தன, எனவே நன்மை ஊடகத்தால் வந்ததென்று சொல்ல முடியாது, மேலும், ஆராயப்பட்டவர்களில் பாடசாலைப் பிள்ளைகள் மிகக் குறைவு.

ரிச்சர்ட் கிளார்க் என்ற ஆய்வாளர் 1983இலேயே, ஊடகம் என்பது பொருளை ஏற்றிவரும் லொறி போன்றது, உணவின் சத்தை லொறி மாற்றுவதில்லை என்று வாதிட்டார். நுவரெலியாவிலிருந்து கரட் ஏற்றி அனுப்பும் நமக்கு இந்த உவமை உடனே விளங்கும். ஆனால் லொறி பிந்தினால் கரட் வாடும் என்பதும் நமக்குத் தெரியும். கிளார்க்கின் கருத்தை மறுத்தவர்கள் ஏறத்தாழ அதைத்தான் சொன்னார்கள். எனவே உங்கள் அதிபரிடம் ‘பெறுபேறு கூடும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வகுப்பில் பிள்ளைகள் செய்து கற்கும் நேரம் கூடும் என்று சொல்லுங்கள். அதை மணிக்கூட்டை வைத்து அளந்தே காட்டலாம்.

13. எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கணித ஆசிரியர் இல்லை. டவுன் பாடசாலை ஆசிரியர் ஸ்மார்ட் போர்ட் வழியாகப் படிப்பித்தால் என்ன?

தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை நடத்தும் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. அதனாலேயே கலைப் பிரிவுக்குப் போகும் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர். எனவே இந்த யோசனையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் திரையைப் பூட்டிவிட்டால் வகுப்பு நடந்துவிடும் என்ற நினைப்பில் தொடங்கினால் ஒரு தவணைக்குள் திரைக்குத் துணி போர்த்தி வைத்துவிடுவோம்.

அறைக்குள் ஒரு பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவருக்குக் கணிதம் தெரிய வேண்டும் என்பதில்லை. மூன்றாவது வரிசைப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டான் என்பதைக் கவனித்து, ‘சேர், கொஞ்சம் நில்லுங்கள், இங்கே விளங்கவில்லை’ என்று சொல்லத் தெரிந்தால் போதும். தூரத்து ஆசிரியருக்குத் தெரியாமற்போவது அதுதான். அடுத்து, கமராவை விட ஒலிவாங்கிக்குச் செலவழியுங்கள்; தகரக் கூரையில் மழை விழும்போது படம் தெரிந்து பயனில்லை. மூன்றாவது, இரண்டு பாடசாலைகளின் நேரசூசியையும் பொருத்திவையுங்கள். ஒரு பாடசாலையின் இடைவேளை மற்றதன் பாடவேளைக்குள் விழுவது சின்ன விடயம் போலத் தோன்றும், ஆனால் பல ஏற்பாடுகள் அதில்தான் குலைந்தன.

அந்த ஆசிரியர் தவணைக்கு இரண்டு மூன்று தடவையாவது நேரில் வர வேண்டும், முதல் தடவை முதல் வாரத்திலேயே. பெயர் தெரிந்த பிள்ளையைத் திரையில் கூப்பிடுவதும் ‘பின்னால் இருக்கும் நீலப் பை’ என்று கூப்பிடுவதும் ஒன்றல்ல.

14. மழைக்காலத்தில் பாதிப் பேர் வகுப்பில், பாதிப் பேர் வீட்டில். இரண்டு பக்கத்துக்கும் ஒரே நேரத்தில் நடத்தலாமா?

ஒரே ஆசிரியராக இருந்தால் வேண்டாம். நான் இரண்டு வாரம் முயன்றேன்; வகுப்பில் இருந்தவர்களுக்கு என் முதுகுதான் தெரிந்தது, வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. அன்று புதிய பாடம் எடுக்காதீர்கள். வந்தவர்களுடன் செய்முறையோ பயிற்சியோ செய்யுங்கள். வராதவர்களுக்கு 5ஆம் பதிலில் சொன்னபடி இறக்கிவைத்துப் பார்க்கும் வேலை போகட்டும். இரண்டு குழுவும் சேர்ந்த பிறகு புதியதைத் தொடங்கலாம்.

15. வீட்டிலிருந்து வரும் விடை பிள்ளையுடையதா, அண்ணனுடையதா, சட்ஜிபிடியுடையதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்டுபிடிப்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். வீட்டுப் பகுதிக்குப் புள்ளி கொடுப்பதை நிறுத்தினால் ஏமாற்றுவதற்கான காரணத்தில் பெரும்பகுதி போய்விடும். புள்ளி வகுப்பில், என் கண்முன்னே செய்ததற்கு மட்டும். வீட்டு வேலை அதற்கான நுழைவுச்சீட்டு: இலையை மூடாமல் வந்தவரால் சோதனையில் பங்கெடுக்க முடியாது, வேறொருவர் மூடிக் கொடுத்திருந்தால் ஏன் மூடினாய் என்ற கேள்விக்குப் பதில் வராது.

கேள்வியையும் இடத்தோடு கட்டிவிடுங்கள். ‘மண்ணரிப்பைத் தடுக்கும் முறைகள் யாவை?’ என்றால் இயந்திரம் பத்து வரி தரும். ‘உங்கள் லயத்துக்கு மேலேயுள்ள சரிவில் கான் (வடிகால்) எந்தத் திசையில் வெட்டப்பட்டிருக்கிறது, நேற்றைய மழையில் தண்ணீர் எங்கே உடைத்துக்கொண்டு போனது, வரைந்து காட்டு’ என்றால் பிள்ளை போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். சட்ஜிபிடியை விளக்கம் கேட்கப் பயன்படுத்துவதை நான் தடுப்பதில்லை. அது தமிழில் தரும் கலைச்சொற்களில் 7ஆம் பதிலில் சொன்ன அதே கலப்பு இருக்கும் என்பதை மட்டும் எச்சரித்து வைக்கிறேன்.

16. வட்ஸ்அப்பில் நிறையக் கேட்கிற பிள்ளை, வகுப்பில் வாயே திறப்பதில்லை. எதைக் கணக்கில் எடுப்பது?

இரண்டையும். என் வகுப்பில் அப்படி ஒரு மாணவி இருக்கிறாள். குரல்பதிவுகள் இரவு எட்டு மணியளவில் வரும், பாட்டி உறங்கிவிட்டதால் கிசுகிசுத்த குரலில். வகுப்பில் யாரும் கேட்காத கேள்விகள்: கறுப்புக் கடதாசிக்குப் பதிலாகச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டினால் மாப்பொருள் வருமா என்று ஒருநாள் கேட்டாள். அவளை எழுப்பி நிறுத்தி ‘நேற்றுக் கேட்டதை எல்லோருக்கும் சொல்லு’ என்று சொல்ல எனக்கு ஆசைதான். சொன்னால் அன்றோடு குரல்பதிவும் நின்றுவிடும்.

இப்போது திங்கட்கிழமை முதற்பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்தை ‘இரவில் வந்த கேள்விகள்’ என்று ஒதுக்கியிருக்கிறேன். அனுப்பியவரின் அனுமதி கேட்டு, பெயர் சொல்லாமல், கேள்வியைக் கரும்பலகையில் எழுதுவேன். அவளுடைய கேள்வியை எழுதிய அன்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அடுத்த வாரம் கடைப்பொதியில் வந்த சிவப்புத் தாளைக் கொண்டுவந்து நான்கு பேர் சோதித்துப் பார்த்தார்கள். அவள் இன்னும் வகுப்பில் கை உயர்த்துவதில்லை. அந்தச் சோதனையின்போது மட்டும், இலையைப் பிடித்திருந்தவனிடம் இன்னும் இரண்டு துளி விடு என்று சொன்னது என் காதில் விழுந்தது.